நீர் வருமுன் வெட்டிய வாய்

மின் நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் சுழலும் டர்பைன்களும் உயரமான கம்பிக் கோபுரங்களுமே பெரும்பாலோர் மனத்தில் தோன்றுகின்றன என்றாலும், நீரைக் கொண்டு இயங்கும் எந்த மின் நிலையத்திலும் கட்டுவதற்குக் கடினமானதும் கட்டி முடித்தபின் இடம் மாற்ற இயலாததுமான உறுப்பு, ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும் வாய்ப்பகுதியே ஆகும். நீரெடுப்பு வாய் என்று இங்கே குறிக்கப்படும் அப்பகுதி, கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தாலும் வெளியே தலைகாட்டாத ஆழத்தில் இருக்க வேண்டும். அடியில் படியும் சேறும் மணலும் வந்து அடைக்காத உயரத்திலும் இருக்க வேண்டும். பழுது பார்க்க நேர்ந்தால் ஒரு சொட்டும் கசியாமல் மூடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவை அனைத்தையும் நீருக்கு அடியிலேயே செய்து முடிக்க வேண்டியிருப்பதால், தரையில் எளிதாக நடக்கும் பாறை வெட்டும் வேலையும் காங்கிரீட் வேலையும் அங்கே பருவம் பருவமாக இழுத்துக்கொண்டு போகின்றன.

தேனி மாவட்டத்தில் அப்படியொரு வாயின் பயனை நாள்தோறும் நுகர்வது கம்பம் பள்ளத்தாக்கு. குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் லோயர் கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் இயங்குகிறது. அதற்கு நீர் வாங்கும் வாயோ மலைக்கு மேலே, கேரளத்து எல்லைக்குள், தேக்கடிக் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கு விவசாயிகள் அதைத் தேக்கடி ஷட்டர் என்றும், பொறியாளர்கள் தலைமதகு என்றும் சொல்வார்கள். ஏரிக்குள் வாய் அமைக்கும் மற்றப் பணிகளிலிருந்து தேக்கடி வாய் ஒரு வகையில் மாறுபடுகிறது: அது வெட்டப்பட்டபோது அங்கே ஏரியே இல்லை. காய்ந்த மலைச்சரிவில் வாயை வெட்டிவிட்டு, அதன்பின் அணை எழுப்பி, நீரை அந்த வாய் வரை ஏறிவரச் செய்தார்கள். இந்த வரிசைமுறை அந்த வேலையை எவ்வளவு எளிதாக்கியது என்பதையும், அன்று குறித்த மட்டம் இன்றைய வேளாண்மையையும் மின் உற்பத்தியையும் எவ்வாறு கட்டிப்போட்டிருக்கிறது என்பதையும், வேறு இடங்களில் நடந்த பணிகளோடு ஒப்பிடும்போதுதான் தெளிவாக உணர முடியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப்புறத்தில் பெய்யும் மழை பெரியாற்றின் வழியாக அரபிக் கடலைச் சேர, அதே மலையின் கிழக்குப்புறம் மழை மறைவுப் பகுதியாக வறண்டு கிடந்தது. மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் அமைச்சர் முத்து இருளப்பப் பிள்ளையால் ஆராயப்பட்டது. பொருட்செலவினால் அது கைவிடப்பட்டு, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானபின், பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாறு அணையைத் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் கலந்த காங்கிரீட்டை நடுவில் நிரப்பி, இருபுறமும் கருங்கல் கட்டுமானத்தால் மூடிய, அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமுள்ள அணையைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அணையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, ஏரியின் வட விளிம்பில் வெட்டப்பட்ட வாய்க்கும் சுரங்கத்துக்கும் அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. அணை நீரைத் தடுத்து நிறுத்துகிறது. அதைக் கிழக்கே கொண்டுவருவது சுரங்கம்.

மலைமுகட்டைக் குடைந்து செல்லும் அந்தச் சுரங்கம் 5,704 அடி நீளம், 12 அடி அகலம், ஏழரை அடி உயரம் என்ற அளவில் முதலில் வெட்டப்பட்டது. ஏரியின் நீர் சுரங்க வாயை அடைவதற்காக ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு ஆழமான திறந்தவெளி வாய்க்காலும் தோண்டப்பட்டது. சுரங்கத்தின் சாய்வு 75 அடிக்கு ஒரு அடி. அதாவது நீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவருவதற்குள் ஏறக்குறைய 76 அடி கீழே இறங்கிவிடுகிறது. பாசனத்தை மட்டும் மனத்தில் கொண்டு வெட்டப்பட்டதால் இந்த இறக்கம் அன்று யாருக்கும் இழப்பாகத் தோன்றவில்லை.

சுரங்கத்தை எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதே அன்றைய பொறியாளர்களுக்கு முன்னிருந்த பெரிய கேள்வி. கூம்பு வடிவில் மேலே குறுகிச் செல்லும் மலையை உயரத்தில் குடைந்தால் சுரங்கத்தின் நீளம் குறையும். ஆனால் அவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்ற அணையை உயர்த்திக் கட்ட வேண்டும். தாழ்வாகக் குடைந்தால் சிறிய அணையே போதும், தேங்கும் நீரில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கையும் வெடிமருந்தும் கொண்டு பாறையை உடைத்த அக்காலத்தில் நீண்ட சுரங்கம் என்றால் செலவும் காலமும் உயிரிழப்பும் பெருகும். இரண்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மட்டம்தான், அணையின் அளவுகோலில் 104 அடி என்று இன்று செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறும் எண்.

அந்த எண்ணின் பொருளைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். அணையில் தேக்கலாம் என்று 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த மட்டம் 142 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது என்ற செய்தியைப் படிப்பவர்கள் அத்தனை அடி நீரும் தமிழ்நாட்டுக்கு இறங்கிவரும் என்று எண்ணிவிடக் கூடும். வாய்க்காலின் அடித்தளம் 104 அடியில் இருப்பதால், மேலே நிற்கும் 38 அடி நீர் மட்டுமே சுரங்கத்துக்குள் நுழைய முடியும். கீழே உள்ளது வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. இவ்வாறு வாய்க்குக் கீழே தங்கிவிடும் நீரைப் பொறியாளர்கள் உயிரற்ற கொள்ளளவு என்று அழைப்பார்கள். தேக்கடிக் காட்டைப் பொறுத்தவரை இந்தப் பெயர் சிறிதும் பொருந்தவில்லை. கடும் கோடையிலும் வற்றாத அந்த நீரின் கரைக்குத்தான் யானைக் கூட்டங்களும் காட்டெருமைகளும் இறங்கிவருகின்றன, அதன்மேல்தான் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன, ஏரி நிரம்பியபோது மூழ்கிப்போன மரங்களின் பட்ட கட்டைகள் அதிலிருந்துதான் இன்றும் தலைநீட்டி நிற்கின்றன.

வாய்க்காலில் வரும் நீரோடு காட்டின் சருகும் மரக்கிளையும் சேர்ந்து வருவதால், இத்தகைய எந்த வாயிலும் முதல் காவல் நெருக்கமான இரும்புக் கம்பிகளால் ஆன தடுப்பு வேலிதான். உள்ளே விரையும் நீரில் ஒரு மரத்துண்டு புகுந்தாலும் டர்பைனின் அலகு நெளிந்துவிடும். கம்பிகளை நெருக்கி வைத்தால் குப்பை விரைவில் அடைத்து நீர்வரத்து குறையும், விலக்கி வைத்தால் குப்பை உள்ளே போகும் என்பதால் இடைவெளியை இயந்திரத்தின் தாங்குதிறனை வைத்தே முடிவு செய்கிறார்கள். வாயின் மேல் போதிய ஆழத்துக்கு நீர் நிற்க வேண்டும் என்பது அடுத்த விதி. குளியல் தொட்டியின் அடைப்பைத் திறக்கும்போது நீர் குறையக் குறைய ஒரு சுழல் உருவாகிக் காற்றை உறிஞ்சி ஒலியெழுப்புவதைப் போல, ஆழம் குறைந்த நீரெடுப்பு வாயின்மீதும் சுழல் உருவாகிக் காற்றை உள்ளே இழுக்கிறது. மூடிய குழாயில் புகுந்த காற்று நீரோட்டத்தைக் குலைத்து இயந்திரத்தை அதிரவைக்கிறது. ஆகவே ஓர் ஏரியில் நீர் இருப்பதும், அதை இயந்திரத்துக்கு எடுக்க முடிவதும் ஒன்றாவதில்லை.

சுரங்கத்தின் மறுமுனையில், தமிழ்நாட்டு எல்லைக்குள், போர்பே அணை என்று வழங்கும் சிறிய தேக்கம் இருக்கிறது. நீண்ட சுரங்கத்துக்கும் செங்குத்தாக இறங்கும் குழாய்களுக்கும் நடுவே அது ஓர் இடைத்தங்கலாகப் பயன்படுகிறது. அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்கி லோயர் கேம்பை அடைகின்றன. குமுளி மலைச்சாலையில் பயணம் செய்வோர் அவற்றைக் காணலாம். குழாய்களின் வழியே நொடிக்கு 1,600 கனஅடி வரை இறக்கலாம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. மிஞ்சும் நீர், மின்சாரம் எடுப்பதற்கு முன்பிருந்த பழைய பாதையான இரைச்சல் பாலத்தின் வழியாகப் பாறைகளில் மோதி வைரவனாற்றில் விழுகிறது. அந்த இடத்துக்கு யார் பெயரிட்டார்களோ, அங்கே நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

அந்த இரைச்சலை அளந்து பார்த்தால் அதில் எவ்வளவு ஆற்றல் வீணாயிற்று என்பது புலப்படும். சுரங்கத்தின் வெளிவாய்க்கும் லோயர் கேம்புக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 400 மீட்டர். ஒரு கனமீட்டர் நீரின் எடை ஒரு டன்; நொடிக்கு ஒரு டன் நீர் 400 மீட்டர் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் 3.9 மெகாவாட். உராய்விலும் இயந்திரத்திலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் 3.4 மெகாவாட் அளவுக்கு மின்சாரமாக மாறும். நொடிக்கு 1,600 கனஅடி என்பது 45 கனமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 150 மெகாவாட்டை ஒட்டிய விடை வருகிறது. 1958ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக நிறுவப்பட்ட நான்கு இயந்திரங்களின் திறன், ஒன்றுக்கு 35 மெகாவாட் வீதம் 140 மெகாவாட்டாக இருந்ததையும், புதுப்பித்தபின் அது 168 மெகாவாட்டாக உயர்ந்ததையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் 1895க்கும் 1958க்கும் இடைப்பட்ட 63 ஆண்டுகள் அந்த நீர் வெறும் இரைச்சலாகவே இறங்கியது. சென்னை அரசு மின்சாரம் எடுக்க முனைந்தபோது, குத்தகை பாசனத்துக்காக வழங்கப்பட்டது, மின்சாரத்துக்காக அன்று என்று திருவிதாங்கூர் மறுத்தது. நடுவர் மன்றம் வரை சென்ற அந்த வழக்கில் 1941ஆம் ஆண்டு திருவிதாங்கூருக்குச் சாதகமாகவே முடிவு வந்தது. விடுதலைக்குப் பின் இரு அரசுகளும் பேசி, 1970 மே 29 அன்று கையெழுத்திட்ட துணை ஒப்பந்தங்களின் வழியாக, மின் உற்பத்திக்குத் தனிக் கட்டணம் செலுத்தவும், ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகையை 30 ரூபாயாக உயர்த்தவும் முடிவாயிற்று.

போர்பே அணையின் தேவையை விளக்க நீர்மோதல் என்னும் இயற்பியல் நிகழ்வை அறிந்துகொள்வது நல்லது. குழாயில் விரைந்துவரும் நீரைத் திடீரென்று நிறுத்தினால், பின்னால் வரும் நீர் முன்னால் நிற்கும் நீரின்மேல் மோதி ஓர் அழுத்த அலையை உருவாக்குகிறது. எஃகுக் குழாய்களில் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வேகத்தில் ஓடும் அந்த அலை, நீரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் சட்டென்று குறைந்தாலே நூறு மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்கு இணையான கூடுதல் அழுத்தத்தைக் குழாய்ச் சுவரின்மேல் சுமத்துகிறது. மின்கம்பித் தொடரில் பழுது நேர்ந்து இயந்திரங்கள் நொடிப்பொழுதில் நின்றுவிடும் நாளில், திறந்த பரப்பும் போதிய இடமும் உள்ள தேக்கம் மேலே இருந்தால் அந்த அழுத்தம் அங்கே வெளிப்பட்டு அடங்கும். இல்லாவிட்டால் அது சுரங்கத்துக்குள் ஓடும். அத்தகைய தேக்கம் அமைக்க இடமில்லாத மலைகளில் பாறையைச் செங்குத்தாகக் குடைந்து, நீர் ஏறி இறங்கத்தக்க ஆழ்கிணறுகளை அமைக்கிறார்கள்.

நீர் வருமுன் வாயை வெட்டும் வாய்ப்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தைக் கட்டியவர்களுக்கு முன்னால் வங்கக் கடல் ஏற்கெனவே இருந்தது. நீராவியை மீண்டும் நீராக்கிக் குளிர்விக்க நொடிக்கு ஏறத்தாழ 35 கனமீட்டர் கடல்நீர் தேவைப்பட்டது. அது தேக்கடிச் சுரங்கத்தில் வரும் நீருக்குச் சற்றே குறைவான அளவு. கரையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிக் கடலோடு இணைத்திருக்கலாமே என்று தோன்றும். சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் அதன் தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. அத்தகைய கரையில் திறந்த வாய்க்கால் நீடிக்காது என்பதால், மணல் நகரும் பகுதிக்கு அப்பால் கடலுக்குள் ஒரு செங்குத்துக் கிணற்றை நிறுவி, அதையும் கரையில் உள்ள இன்னொரு கிணற்றையும் கடலடிப் பாறையில் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் 468 மீட்டர் நீளச் சுரங்கத்தால் இணைத்தார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள இரு பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தை நாடும் என்ற எளிய விதியின்படி, கடற்கிணற்றில் இறங்கும் நீர் கரைக்கிணற்றில் தானாக மேலேறுகிறது. அங்கிருந்து பம்புகள் அதை எடுத்துக்கொள்கின்றன.

கடலுக்குள் கிணறு அமைப்பதற்கு வழிகள் சில உண்டு. எஃகுத் தகடுகளை வட்டமாக அடித்து இறக்கி, உள்ளிருக்கும் நீரை இறைத்துவிட்டு உலர்ந்த குழியில் கட்டுவது ஒன்று. கரையில் செய்த காங்கிரீட் உறையை மிதக்கவிட்டுக் கொண்டுபோய் அமிழ்த்தி, அதன் உள்ளே மண்ணை அள்ள அள்ள அது தன் எடையால் கீழிறங்குமாறு செய்வது இன்னொன்று. பிந்தையதன் அடிப்படை கம்பம் பள்ளத்தாக்கின் கிணறு வெட்டிகளுக்குப் புதிதாக இராது, ஏனெனில் மணற்பாங்கான நிலத்தில் உறை இறக்கும் முறையும் அதுவே. அமெரிக்காவின் சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரிக்குள் இரண்டு மைல் தொலைவில் மரக்கூண்டு ஒன்றை அமிழ்த்தி, அதனுள் கிணறு இறக்கி, ஏரிக்கு அடியில் சுரங்கம் வெட்டிக் குடிநீர் எடுக்கத் தொடங்கியது 1867ஆம் ஆண்டில். பென்னிகுவிக் தேக்கடியில் வேலை தொடங்குவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இம்முறை அறியப்பட்டிருந்தது. கட்டி முடித்தபின்னும் கடல் விடுவதில்லை. கல்பாக்கத்தில் பச்சைச் சிப்பிகள் சுரங்கச் சுவரில் அடைஅடையாக ஒட்டி வளர்கின்றன. மீனவர்கள் சொறி என்று அழைக்கும் இழுதுமீன்கள் சில பருவங்களில் கூட்டமாக வந்து வலைத்தடுப்பை அடைக்கின்றன. சிப்பிகளைக் கட்டுப்படுத்த நீரில் குளோரின் கலக்கப்படுகிறது.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது நிலை, ஏரி ஏற்கெனவே நிரம்பியிருக்க, அதை வடிக்கவும் முடியாமல், இன்னும் தாழ்வான மட்டத்தில் புதிய வாய் திறக்க வேண்டியிருப்பது. மராட்டிய மாநிலத்தின் கொய்னா மின் திட்டம் இந்த நிலையை எதிர்கொண்டபோது, நார்வே நாட்டில் வளர்ந்த ஏரித்துளைப்பு முறை கையாளப்பட்டது. கீழிருந்து சுரங்கத்தைக் குடைந்துகொண்டு ஏரிப் படுகையின் அடிவரை போவார்கள். சில மீட்டர் தடிமனுள்ள பாறை மட்டும் தலைக்கு மேல் தடுப்பாக நிற்க, அதன்மேல் முழு ஏரியும் நிற்கும். அந்தப் பாறைக்கு நேர் கீழே ஒரு பெரிய குழியைத் தோண்டிவைத்து, சுரங்கத்தின் பின்பகுதியில் செங்குத்துக் கிணற்றின் வழியாக இறங்கும் கனத்த கதவுகளை அடைத்துவிட்டு, துளைகளில் நிரப்பிய வெடிமருந்தை ஒரே நேரத்தில் வெடிப்பார்கள். உடைந்த பாறை குழிக்குள் விழ, ஏரி சுரங்கத்துக்குள் நுழைந்து கதவு வரை வந்து நிற்கும். வெடி சரியாகப் பிளக்காவிட்டால் திரும்பிச் சென்று சரிசெய்ய வழி ஏறக்குறைய இல்லை. ஒரு முறைக்கு மேல் கிடைக்காத அந்தக் கணத்துக்காகப் பாறையின் ஒவ்வொரு விரிசலையும் முன்கூட்டியே துளையிட்டு ஆராய்ந்து, கசிவுகளைச் சிமெண்ட் குழம்பு செலுத்தி அடைக்கிறார்கள். கொய்னாவில் 1999 மார்ச் 13 அன்று முதல் துளைப்பும், அதைவிடத் தாழ்ந்த மட்டத்திலிருந்து நீர் எடுப்பதற்காக 2012 ஏப்ரல் 25 அன்று இரண்டாவது துளைப்பும் வெற்றிபெற்றன.

கொய்னாவின் அந்த இரண்டாவது துளைப்பு தேனி மாவட்டத்து வாசகர்களுக்குத் தொலைவான செய்தியாகத் தோன்ற வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த உயர்நிலைக் குழு முன்வைத்த மாற்று வழிகளில் ஒன்று, அணையின் அளவுகோலில் 50 அடி மட்டத்தில் ஒரு புதிய சுரங்கம் அமைத்து நீரை வெளியேற்றும் வசதி செய்வதாகும். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் அந்த யோசனை இடம்பெற்றது. பழைய வாய்க்கு 54 அடி கீழே, எப்போதும் நீர் நிற்கும் படுகையில் அந்த வாயைத் திறக்க வேண்டியிருக்கும். பென்னிகுவிக்கிற்குக் கிடைத்த காய்ந்த சரிவு அங்கே கிடையாது. ஏரியை வடித்துவிட்டு வேலை செய்யலாம் என்றால், குடிநீருக்கும் பாசனத்துக்கும் காட்டுயிர்களுக்கும் மாற்று ஏற்பாடு எங்கே என்ற கேள்வி உடனே எழும். வடிக்காமல் செய்வதென்றால் கொய்னாவில் கையாண்டது போன்ற முறையே எஞ்சும். அந்த யோசனையை ஏற்பவரும் மறுப்பவரும் அணையின் பாதுகாப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருக்கிறது: 50 அடி மட்டத்தில் அந்தப் படுகைப் பாறை எத்தகையது, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்த வண்டல் அதன்மேல் எவ்வளவு தடிமனாக இருக்கிறது? துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகள் கையில் இல்லாமல் அந்தச் சுரங்கத்தைப் பற்றி ஒரு வரைபடம்கூடப் போடுவது முறையாகாது.

இவ்வளவு பேசியபின்னும் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. தேக்கடி ஷட்டர் மின்சாரத்துக்காகத் திறக்கப்படுவதில்லை. நீர் இருப்பு இடங்கொடுக்கும் ஆண்டுகளில் ஜூன் 1 அன்று அது உயர்வது கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்காகவும், தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் தேவைக்காகவும்தான்; போகிற வழியில் அந்த நீர் மின்சாரத்தைத் தந்துவிட்டுப் போகிறது. குடிநீருக்காக நூறு கனஅடி அளவில் மட்டும் திறக்கும் நாட்களில் இயந்திரங்கள் ஓய்வெடுக்க, நீர் இரைச்சல் பாலத்தின் வழியாகவே இறங்குகிறது. ஏரியின் நீர்மட்டம் 104 அடிக்குத் தாழ்ந்துவிட்டால், ஷட்டர் முழுவதுமாக உயர்ந்திருந்தாலும் பள்ளத்தாக்குக்கு ஒரு சொட்டும் வராது.